ஒன்றரைக் கிலோவில் பிறந்த குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு

என் தங்கை மகன் 33 வாரத்தில் பிறந்தவன். பிறந்தபோது 1,560 கிராம். 24 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது 1,800-ஐத் தொட்டிருந்தான். பார்க்க வந்த ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இப்ப எத்தனை கிலோ?" நாங்களும் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடந்தோம். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருந்த ஒரு நர்ஸ் அக்காதான், எடையைப் பார்ப்பதற்கு முன்னால் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவர் சொல்லிக் கொடுத்ததையும் அதற்கப்புறம் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும், இதே நிலையில் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று பாருங்கள். 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு, 1,500-க்குக் கீழே என்றால் மிகவும் குறைவு. ஆனால் இரண்டு கிலோவில் பிறந்த குழந்தைகள் எல்லாம் ஒன்று இல்லை. 39 வாரம் முடிந்தும் வயிற்றில் சரியாக வளராததால் இரண்டு கிலோ இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் முதிர்ந்திருக்கும், உறிஞ்சிக் குடிக்கவும் தெரியும், ஆனால் முதல் சில நாட்களில் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். 34 வாரத்திலேயே வந்துவிட்டதால் இரண்டு கிலோ இருக்கும் குழந்தைக்கு மூச்சும் பால் குடிப்பதும்தான் சோதனை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்யும் பழக்கம் 34 வாரம் வாக்கில்தான் வருகிறது. உங்கள் குழந்தை இதில் எது என்று டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

இனி சூடு. இந்தக் குழந்தைகளுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகவும் குறைவு, அதனால் நமக்கு இதமாக இருக்கும் அறையிலும் அவர்கள் சூட்டை இழந்துகொண்டே இருப்பார்கள். அதை ஈடுகட்ட உடம்பு சர்க்கரையை எரிக்கும், ஆக்சிஜனும் அதிகம் தேவைப்படும், குடித்த பாலெல்லாம் சூட்டுக்கே செலவாகும், எடை ஏறாது, அப்புறம் குழந்தை துவண்டுபோய்ப் பால் குடிப்பதையே விட்டுவிடும். அந்த நர்ஸ் அக்கா சொன்னது இதைத் தடுக்கத்தான். புறங்கையால் முதலில் வயிற்றையும் பிறகு பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் கவலை இல்லை. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது, உடனே நெஞ்சோடு அணையுங்கள். இரண்டுமே சில்லென்றிருந்தால் அது அவசரம், நெஞ்சோடு அணைத்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் அக்குளில் வைத்துப் பாருங்கள், 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும்.

நெஞ்சோடு அணைப்பது என்று சொன்னது கங்காரு முறை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டிய நிலையில், எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ வரை இருந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கிப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நிலைமை சீரான பிறகு தொடங்கிய குழந்தைகளைவிட இவர்களிடையே முதல் 28 நாட்களின் இறப்பு 25 சதவீதம் குறைவு. இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு பழைய பருத்திச் சேலை போதும்.

செய்வது இப்படி. குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும் போதும், சட்டை வேண்டாம். அம்மா முன்பக்கம் திறக்கும் நைட்டி போட்டுக்கொண்டு, இரண்டு மார்புக்கும் நடுவில் குழந்தையை நிமிர்ந்தவாக்கில் வைக்க வேண்டும். கை கால்கள் தவளை மாதிரி மடங்கி இருக்கட்டும். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடை நெஞ்சில் புதைந்து மூச்சு அடைக்காதபடி லேசாக நிமிர்த்தி விடுங்கள். பிறகு சேலைத் துண்டால் குழந்தையின் காது வரை வருகிற மாதிரி இறுக்காமல் சுற்றிக் கட்டுங்கள். அம்மா தூங்கும்போது முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்தே தூங்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் இன்னும் அதிகமாக என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. தனியாக ஒருத்தியால் இது முடியாது. என் தங்கை குளிக்கப் போகும் நேரத்தில் அவள் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார், மதியத்தில் எங்கள் அம்மா. அப்பாவின் நெஞ்சிலும் அதே சூடுதான். குழந்தை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது தானே நெளிந்து, போதும் என்று காட்டிவிடும்.

அடுத்தது பால். சின்னக் குழந்தை பசித்தால் அழும் என்று நம்பாதீர்கள். பசியிலேயே தூங்கிப்போகும், வீட்டில் இருப்பவர்கள் "சமத்துக் குழந்தை, அழவே மாட்டேங்குது" என்று சந்தோஷப்படுவார்கள். இரண்டு, அதிகம் போனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் அலாரம் வைத்து எழுப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளங்காலை லேசாகத் தட்டினால் விழித்துக்கொள்ளும். மார்பில் உறிஞ்சிக் களைத்துப்போனால் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், சங்கு மாதிரி) கொடுங்கள். பாட்டில் வேண்டாம், அதை முழுக்கச் சுத்தம் செய்வது கஷ்டம். குழந்தையை ஓரளவு நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் புரையேறும். பாலாடையை ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். பால் போதவில்லை என்றால் பவுடர் டப்பாவை வாங்குவதற்கு முன், பிரசவம் பார்த்த மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். வைட்டமின் டி, இரும்புச்சத்து சொட்டு மருந்துகளை எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதை விடாதீர்கள்.

இங்கேதான் வீட்டுப் பெரியவர்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், உரமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் இந்தக் குழந்தைக்கு வேண்டாம். ஆறு மாதம் வரை டாக்டர் கொடுத்த மருந்தைத் தவிரத் தாய்ப்பால் மட்டும்தான். காதிலும் மூக்கிலும் எண்ணெய் ஊற்றுவது, குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி காட்டுவது இரண்டும் அன்பில் செய்வதுதான், ஆனால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும், புகை மூச்சைத் திணறடிக்கும். எடை நன்றாக ஏறி, டாக்டர் சரி என்று சொல்லும் வரை குளியலே வேண்டாம், வெதுவெதுப்பான ஈரத்துணியால் சீக்கிரமாகத் துடைத்துவிட்டு உடனே நெஞ்சோடு வையுங்கள். பாட்டிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், தேங்காய் எண்ணெயை அழுத்தாமல் தோலில் தடவிவிடச் சொல்லுங்கள், அது நல்லது. தொப்புளில் எதுவும் வைக்கக் கூடாது.

யார் தூக்கினாலும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். சளி, காய்ச்சல் இருப்பவர் மாமாவாகவே இருந்தாலும் வாசலோடு சரி. எங்கள் வீட்டில் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிட்டோம், யாரிடமும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எடையைத் தினமும் பார்க்க வேண்டாம். முதல் வாரத்தில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும், அதன்பின் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். வாரம் ஒரு முறை அதே தராசில் போடுங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது எடை குறைவான குழந்தை என்று சொல்லுங்கள், கூடுதலாக வந்து பார்ப்பார்கள்.

பிறந்தது 34 வாரத்துக்கு முன் என்றாலோ, எடை 2 கிலோவுக்குக் கீழே என்றாலோ, 30 நாள் முடிவதற்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். மிகவும் சின்னக் குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே. கண் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்வது நமக்குத் தெரியாது, காலம் தாழ்த்தினால் பார்வை போய்விடும். காது கேட்கும் பரிசோதனையும் அப்படியே.

இதைப் படிப்பவர் இன்னும் கர்ப்பமாக இருந்தால் ஒரு வார்த்தை. 34 வாரத்துக்கு முன் வலி வந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு முன்பே போய்விடுங்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு அம்மாவுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி அங்கே கிடைக்கும், பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட வயிற்றில் வைத்துக்கொண்டு போவது எவ்வளவோ பாதுகாப்பு.

இனி, எப்போது காத்திருக்கவே கூடாது என்பது. பால் குடிப்பதை நிறுத்தினால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்கும்போது மூச்சு 60-க்கு மேல் போனால், மூச்சு இழுக்கையில் விலா உள்வாங்கினால், மூச்சு நின்று நின்று வந்தால், உதடு நீலமானால், வலிப்பு வந்தால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினால், காய்ச்சல் அடித்தால், வயிறு பாதம் இரண்டுமே சில்லென்றிருந்தால், நெஞ்சோடு வைத்து ஒரு மணி நேரமாகியும் பாதம் சில்லென்றே இருந்தால், அது ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று நினைக்காதீர்கள், இந்தக் குழந்தைகளுக்குக் கிருமித் தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும். வண்டியிலும் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் போடாமல் நெஞ்சோடு கட்டியபடியே, முகம் தெரிகிற மாதிரி கொண்டுபோங்கள். சில்லிட்டுப்போன குழந்தையாகப் போய்ச் சேர்ந்தால், அங்கே சூடேற்றுவதற்கே முதல் ஒரு மணி நேரம் போய்விடும்.