காபியோடு விழுங்கிய தைராய்டு மாத்திரை

குளியலறை வடிகால் சல்லடையில் தினமும் ஒரு கொத்து முடி. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தேன். அப்புறம் மாதவிலக்கு 45 நாள் வரை தள்ளிப்போனது. வந்தால் எட்டு நாளுக்கு நிற்காது. சித்திரை வெயிலிலும் எனக்கு மட்டும் குளிர். 'வயசாகுதுல்ல' என்றார் மாமியார். 34 ஒரு வயசா?

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறுகிற ஹார்மோன்) 14; மேல் வரம்பே 4 சொச்சம்தான். ஹீமோகுளோபினும் குறைவு, 9. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் 50 மைக்ரோகிராமும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதித் தந்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் டிஎஸ்எச் 11-லேயே நிற்கிறது.

டோஸைக் கூட்டப்போன மருத்துவர், பேனாவை நிறுத்திவிட்டு, "எப்படிம்மா சாப்பிடுறீங்க?" என்றார். ரெண்டையும் சேர்த்து, காலைக் காபியோடுதான். சிரித்துவிட்டார். இரும்பும் காபியும் தைராக்ஸினை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம்.

இப்போது ஐந்தரைக்கு எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராக்ஸின். காபி ஒரு மணி நேரம் கழித்து (அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே!). இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நாலு மணி நேர இடைவெளியாவது வேண்டும். டோஸை மாற்றாமலே அடுத்த பரிசோதனையில் 3.2. மாதவிலக்கு 30 நாளுக்கு வந்தது. முடிக்குத்தான் இன்னும் சில மாதம் பிடித்தது.

முடிக்கென்று பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை போடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு அளவுகளைத் தப்பாகக் காட்டிவிடக்கூடும்.