போட் ட்ரெயிலர் ரயர் ஒருபக்கம் தேய்கிறதா? முதலில் டேப்பை எடுங்கள்

அச்சு கோணலாக இருந்தால் புது ரயரும் பழையது தேய்ந்த இடத்திலேயே தேயும். உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் போட்டுகள் ஏறி நிற்கும் வாடைக்காலமே இந்த வேலைக்குத் தோதான நேரம்.

ரயரின் நடு தேய்ந்தால் காற்று கூட. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. இரண்டு சில்லிலும் உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் பாரம் கூடி அச்சு வளைந்திருக்கும். ஒரு சில்லில் மட்டும் என்றால் அந்தப் பக்க ஸ்பிண்டிலை, அதாவது சில்லு சுழலும் அச்சு முனையைச் சந்தேகப்படுங்கள். ரயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் வாள்பல் போலக் கீறினால் சில்லுகள் நேராக ஓடவில்லை.

அளக்க முன் பெயரிங். ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் எடுக்கும் எந்த அளவும் பொய்.

இனி, பலர் சறுக்கும் இடம். சில்லைச் சுழலவிட்டு, அசையாமல் பிடித்த ஆணியால் ரயரின் நடுவில் சுற்றிவரக் கோடு கீறுங்கள். மற்றச் சில்லிலும் அப்படியே. இறக்கியதும் அளக்க வேண்டாம்! ஜக்கில் தொங்கிய சில்லு நிலத்தில் பதியும்போது ரயர் பக்கவாட்டாக முறுகி நிற்கும். போட்டும் இஞ்சினும் ஏற்றியபடியே, கெட்டியான சமநிலத்தில் 3 மீற்றர் முன்னே உருட்டுங்கள். பின்னே தள்ளினால் முறுக்கு மறுபடி வரும். கடற்கரை மணலில் இது சரிவராது. பிறகு அச்சின் உயரத்தில், கோட்டிலிருந்து கோட்டுக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. வித்தியாசம் 3 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. இரும்பு டேப்பே வேண்டும். வலை நூல் கையில் இருக்கிறதே என்று அதைப் பிடிக்காதீர்கள், நைலோன் இழுபடும்.

அடுத்தது, இழுக்கும் வாகனத்தில் மாட்டும் கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரம். இரண்டும் சமமாக வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றை அச்சு வண்டி நண்டு மாதிரிச் சரிந்து வரும், ரயர் அவ்வளவாகத் தேயாது. இரட்டை அச்சு வண்டியில் நான்கு ரயரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டித் தேயும். இதற்கு அச்சை வில்லோடு (தகட்டு ஸ்பிரிங்) பிணைக்கும் யூ-போல்ட்டைத் தளர்த்தி, வில்லின் நடு போல்ட் தலை அச்சுத் தட்டின் ஓட்டைக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அது வெளியேறி நிற்பதும், வில்லின் கண் புஷ் தேய்ந்திருப்பதும்தான் வழக்கமான காரணம். உப்பு தின்ற யூ-போல்ட்டைத் திரும்பப் பூட்ட வேண்டாம். புதியதைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

வளைந்த அச்சைக் காஸ் பிடித்துச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறோம் என்பார்கள். இரும்பின் பலம் போய்விடும், நாகப்பூச்சு (துத்தநாகப் பூச்சு) எரிந்த புகை சுவாசத்துக்குக் கேடு. அச்சை மாற்றுவதே என் முடிவு.

பெயரிங் பூட்டும்போது ஹப்பை (சில்லு பூட்டும் நடுக்குடம்) சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, தளர்த்தி, பிறகு கைவிரலால் மட்டும் இறுக்கிப் புது ஸ்பிளிட் பின் போடுங்கள். சில்லு நட்டுகளை 80 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

பின்சேர்ப்பு: கிறீஸ் பால்போல வெளுத்து வருகிறதா? தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிவந்த சூட்டோடு ட்ரெயிலரைக் கடலில் இறக்கினால், ஹப்புக்குள் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியே உப்புத்தண்ணீரை உறிஞ்சும். ஹப்பில் கை வைத்துப் பார்த்து, ஆறிய பிறகு இறக்குங்கள்.