ஃபேக்டரி அணி மாதிரி ஒரு பந்தய பைக்கைத் தயார் செய்வது எப்படி

முதலில் ஒரு தடிமனான நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் கருவி), கார்பன் ஃபைபர் எல்லாம் அப்புறம். ஃபேக்டரி அணிக்கும், அதாவது பைக் நிறுவனமே நடத்தும் அணிக்கும், மற்றவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பணமும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த பைக்கில் எந்தச் செயின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த கிளட்ச் எத்தனை ஸ்டார்ட் எடுத்தது, எந்த பேரிங் எப்போது மாறியது என்று கேட்டால் அணியில் உடனே பதில் வரும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆயுள் குறித்து வைத்து, அது முடிவதற்குள் கழற்றிவிடுவார்கள், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் சரி. "நல்லாத்தானே இருக்கு, ஓடட்டும்" என்பது ரோட்டு பைக் பழக்கம். பைக் பந்தயத்தின் உச்சப் போட்டியான மோட்டோஜிபியில், பின்தங்கியவர்களுக்கான சலுகை பெறாத நிறுவனத்தின் ஒரு வீரருக்கு ஒரு சீசன் முழுக்க சீல் வைத்த ஏழெட்டு இன்ஜின்கள்தான், ஆகவே எந்த இன்ஜினை எந்தச் சுற்றில் ஓட்டுவது என்பதே அங்கே தனிக் கணக்கு.

நோட்டு ஆச்சா, இனி பைக்கை முழுக்கக் கழற்றுங்கள். விளக்கு, கண்ணாடி, ஸ்டாண்ட், ஹாரன், அவற்றுக்குப் போகும் வயர்கள் எல்லாம் போகட்டும். ஃபிரேம், ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), ஃபோர்க் கிளாம்ப் (முன் சக்கரக் குழாய்களைப் பிடிக்கும் பிடி) எல்லாவற்றையும் கையாலேயே துடையுங்கள். கழுவுவது அழகுக்காக இல்லை, வெல்டிங் ஓரத்தில் இருக்கும் மயிரிழை விரிசல் அழுக்கு போனால்தான் கண்ணில் படும். திருப்பிப் பூட்டும்போது ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு நகர்ந்திருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

எண்ணெய் வடிக்கும் போல்ட், எண்ணெய் ஊற்றும் மூடி, ஃபில்டர், பிரேக் காலிப்பர் போல்ட் இவற்றுக்கு லாக் வயர், அதாவது போல்ட் தானாகக் கழலாமல் கட்டும் கம்பி, கட்டாயம். வயர் இழுக்கும் திசை போல்ட் இறுகும் திசையாக இருக்க வேண்டும், தலைகீழாகக் கட்டினால் வெறும் அலங்காரம். வயர் கோர்க்க ஃபில்டரில் ஓட்டை போட முடியாது என்பதால் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கி அதிலிருந்து வயர் இழுப்பார்கள். ரேடியேட்டரில் கிளைகால் கலந்த கூலன்ட் வேண்டாம், தண்ணீர் போதும். கிளைகால் ட்ராக்கில் கொட்டினால் வழுக்கும், காயவும் நேரம் பிடிக்கும், பின்னால் வருபவன் விழுவான். இன்ஜின் வெடித்தால் எண்ணெயும் தண்ணீரும் கீழே கொட்டாமல் இருக்க, கீழ் ஃபேரிங் (பைக்கின் வெளி உறை) அவற்றின் மொத்த அளவில் பாதியையாவது, குறைந்தது 5 லிட்டரையாவது தாங்க வேண்டும் என்று உலகப் போட்டி விதியே சொல்கிறது.

இனிதான் உண்மையான வேலை, அதாவது சேஸி: ஃபிரேம், சஸ்பென்ஷன், சக்கரம். இன்ஜினைத் தொடும் ஆசையை அடக்குங்கள். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்விங்ஆர்மில் இருக்கும் கோடுகளை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். அடுத்து ஓட்டுபவர் முழு உடையோடு ஏறி உட்காரும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க வேண்டும், இதைத்தான் ஸாக் என்பார்கள். சர்க்யூட் பைக்குக்கு முன்னால் சுமார் 35 மில்லிமீட்டர், பின்னால் 25 முதல் 30 என்று தொடங்கலாம். ஆள் இல்லாமல் பின்பக்கம் தன் எடையிலேயே 5 முதல் 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். ஆள் ஏறும்போது அளவு சரியாக இருந்தும், ஆள் இல்லாமல் துளியும் இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் மெலிது, அதை ப்ரீலோடால் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது) மறைத்திருக்கிறீர்கள். ஸ்பிரிங்கை மாற்றாமல், அது அசையும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பிங் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தால் நாள்தான் போகும்.

ஃபோர்க் குழாயைக் கிளாம்பில் மேலே தள்ளினால் முன்பக்கம் இறங்கி பைக் சுறுசுறுப்பாகத் திரும்பும், ஆனால் நேர்ப்பாதையில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கலாம். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று நகருங்கள். எடை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1984ல் ஹோண்டா அதை நம்பி என்எஸ்ஆர்500 பைக்கில் பெட்ரோல் டேங்கை இன்ஜினுக்குக் கீழேயும், எக்ஸாஸ்டை மேலேயும் வைத்துப் பார்த்தது. எதிர்பார்த்தபடி அது திரும்பவில்லை, கூடவே மேலே ஓடிய எக்ஸாஸ்ட் சூடு வேறு. முடுக்கும்போது எடை பின் டயர் மேல் ஏறினால்தான் பிடிப்பு கிடைக்கும், பிரேக் பிடிக்கும்போது முன்னால் ஏற வேண்டும். எடை தரையோடு தரையாக இருந்தால் அந்த மாற்றம் குறைந்துவிடும். 1985ல் டேங்க் பழைய இடத்துக்கே வந்தது, அந்த ஆண்டு ஃப்ரெடி ஸ்பென்சர் 500சிசி, 250சிசி இரண்டு பட்டத்தையும் வென்றார்.

கியர் விகிதம்: நீளமான நேர்ப்பாதையின் முடிவில் கடைசி கியரில் ஆர்பிஎம் எல்லையை ஒட்டி வர வேண்டும், அதைவிட முக்கியம், அதிகம் பயன்படும் வளைவில் கியர் மாற்றவேண்டிய நிலை வரக்கூடாது. முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) ஒரு பல் கிட்டத்தட்டப் பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். பல் மாறினால் பின் அச்சு நகரும், வீல்பேஸும் (இரு சக்கரங்களின் இடைவெளி) செயின் இழுக்கும் கோணமும் மாறும். ஆக கியர் மாற்றிய பிறகு "சஸ்பென்ஷன் கெட்டுப்போச்சு" என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

சரி, இன்ஜின். வால்வ் இடைவெளி, கேம் டைமிங் (வால்வ் திறந்து மூடும் நேரம்), லீக் டவுன் சோதனை (சிலிண்டரில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது), சுத்தமான ஏர் ஃபில்டர், சரியான மேப்பிங் (எரிபொருள், தீப்பொறி அளவுகள்), தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். உச்சக் குதிரைத்திறனை விட அது டயருக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் விஷயம். 1992ல் ஹோண்டா தன் 500சிசி டூ-ஸ்ட்ரோக்கில் நான்கு சிலிண்டரையும் நெருக்கமாக, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெடிக்க வைத்தது. ஆதிக்கம் செலுத்திய அந்த பைக்கின் பலம் கூடுதல் திறன் இல்லை, அப்படிச் சேர்ந்து வரும் ஒரு வெடிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே டயருக்குக் கிடைத்த மூச்சு. டைனோ சீட்டைச் சுவரில் ஒட்டி வைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

பிரேக்கைப் பொறுத்தவரை, மோட்டோஜிபி கார்பன் டிஸ்க்குக்கு ஆசைப்பட வேண்டாம், சூடு ஏறாவிட்டால் அது கடிக்கவே கடிக்காது. ஸ்டீல் டிஸ்க், நல்ல ரேஸ் பேட், புது திரவம் போதும். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அப்போது கொதிநிலை சரியும். திறந்து வைத்த டப்பாவை மறந்துவிடுங்கள்.

டயர் அழுத்தத்தைச் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும், அதாவது டயரைச் சூடேற்றும் போர்வையான வார்மரைக் கழற்றிய உடனே, ஓட்டி உள்ளே வந்த உடனே. இன்னொரு பைக்கின் பின்னாலேயே போனால் காற்று படாமல் முன் டயர் சூடேறி அழுத்தம் கூடிவிடும், தனியாக ஓடினால் குறையும். இதனால்தான் பந்தயத்துக்கு முன் அணிகள் நம் ஆள் முன்னால் ஓடுவானா, கூட்டத்தில் மாட்டுவானா என்று ஊகித்து அழுத்தம் வைக்கின்றன. மோட்டோஜிபியில் 2024 முதல் முன் டயருக்குக் குறைந்தபட்சம் 1.80 பார் என்று விதி இருப்பதால் ஊகம் தப்பினால் தண்டனையும் உண்டு.

கடைசியில் ட்ராக். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஓட்டியவர் இறங்கியதும் டேட்டாவைக் காட்டாதீர்கள், முதலில் அவர் பேசட்டும். பிரேக் பிடிக்கும்போதா, உள்ளே திருப்பும்போதா, நடுவிலா, த்ராட்டில் திறக்கும்போதா என்று மட்டும் கேளுங்கள். "பைக் சரியில்லை" என்ற பதிலை வைத்து எந்த ஸ்க்ரூவையும் திருப்ப முடியாது. அப்புறம் பைக்கின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் டேட்டா லாக்கரைத் திறந்து அவர் சொன்ன இடத்தில் ஃபோர்க் எவ்வளவு இறங்கியது, த்ராட்டில் எங்கே தயங்கியது என்று பாருங்கள். டயர் நழுவுகிறது என்றவுடன், நழுவலை அடக்கும் மின்னணு அமைப்பான ட்ராக்‌ஷன் கண்ட்ரோலை ஏற்றிவிடுவது சுலபம்தான், ஆனால் அது சேஸியின் குறையை மூடி மறைக்கும், சுற்று நேரமும் கூடும். மூன்று நான்கு மாற்றத்துக்குப் பிறகு தலை சுற்றினால், நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிய தொடக்க அளவுகளுக்கே எல்லாவற்றையும் திருப்பி வைத்து, அதே டயரில் இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள்.