துயரம், காதல், வாழ்க்கை: கவிதை வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவிதையைப் படித்து முடித்த கையோடு 'இது பிரிவுத்துயரம், இது காதல்' என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் நம்மில் பலர் செய்கிற பெரிய தவறு. எதைப் பற்றிய கவிதை என்று தெரிந்துவிட்டால் போதும், கவிதையே புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

புறநானூறு 112ஆம் பாட்டைப் பாருங்கள். பாரி இறந்த பிறகு அவன் மகள்கள் பாடியது, ஐந்தே அடி. அந்த மாத வெண்ணிலவில் எங்கள் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத வெண்ணிலவில் வேந்தர்கள் குன்றைப் பிடித்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். அழுதோம், துடித்தோம் என்று ஒரு சொல் கிடையாது. துயரக் கவிதை என்றாலே கண்ணீரைத் தேடுகிறவர்களுக்கு இதில் எதுவுமே கிடைக்காது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முன்பாதியில் அப்பா முதலில், குன்று பிறகு, பின்பாதியில் குன்று முதலில் போகிறது, அப்பா இல்லை என்பது கடைசியில்தான் வருகிறது, அதைச் சொன்னதும் பாட்டு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அவர்களால் பேச முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காதல் கவிதையில் வேறொரு தவறு: 'நான்' என்று வந்தாலே கவிஞரின் சொந்தக் கதை என்று எடுத்துக்கொள்வது. குறுந்தொகை 25இல், காதலன் ஏமாற்றினால் நான் என்ன செய்வேன் என்று தவிப்பது ஒரு பெண், எழுதியவர் கபிலர். அவன் என்னோடு கூடிய அன்று சாட்சி யாரும் இல்லை, ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு என்ற நீர்ப்பறவை மட்டும்தான் இருந்தது என்கிறாள். அவள் பயம் முழுவதும் அந்தக் குருகில் இருக்கிறது, ஏனென்றால் அது அங்கே இருந்தும் இவர்களைப் பார்க்கவில்லை. இதை விட்டுவிட்டு கபிலரின் வாழ்க்கையைத் துழாவி என்ன பயன்?

அப்புறம், வாழ்க்கையைப் பற்றிய கவிதைகளைப் பொன்மொழியாக்கிவிடுகிற பழக்கம். 'யாதும் ஊரே' தெரியாத தமிழர் இல்லை, ஆனால் கணியன் பூங்குன்றனார் எழுதியது 13 அடி. சாவு புதிதல்ல என்கிறார். வாழ்வு இனிது என்று மகிழ்வதும் இல்லை, வெறுத்து இன்னாதது என்பதும் இல்லை என்கிறார். மழை கொட்டி, பாறையில் மோதி இரைகிற பேராற்றில் நீர் போகிற வழியே போகும் புணைபோல, அதாவது தெப்பம்போல, உயிரும் முறைவழியே செல்கிறது என்கிறார். அதனால்தான் பெரியோரை வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். முதல் அடியை மட்டும் எடுத்துப் போட்டால் இந்த 'அதனால்' காணாமல் போய்விடுகிறது.