அமெரிக்க நர்சிங் ஹோம்: உரிமையாளரை வைத்துத் தரத்தை எடைபோடும்போது நேரும் தவறுகள்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்பது முதியோரும் நோயாளிகளும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம். அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கு), மெடிகெய்டு (வசதி குறைந்தோருக்கு) ஆகியவற்றின் அங்கீகாரம் பெற்றவை சுமார் 15,000. பத்துக்கு ஏழு லாப நோக்கில் நடப்பவை. அதனால் 'லாப நோக்கற்றது' என்று கண்டதுமே பலர் பெற்றோருக்கு இடம் உறுதிசெய்துவிடுகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு 82 ஆய்வுகளை அலசியது. 40-ல் லாப நோக்கற்றவை தெளிவாக முந்தின, லாப நோக்குள்ளவை 3-ல் மட்டும். மீதியில் முடிவு கலவை. சராசரியை வைத்து ஒரு குறிப்பிட்ட இல்லத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அந்தத் தொகுப்பாய்வில் லாப நோக்கற்றவை முந்திய இடங்களில் முக்கியமானது பணியாளர் எண்ணிக்கையும் தகுதியும்தான். படுக்கைப் புண்ணும் அங்கே குறைவு. ஆளைச் சில மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் படுக்கவைக்கவே கை வேண்டுமே! எனவே அரசின் 'கேர் கம்பேர்' தளத்தில், ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் கிடைக்கும் செவிலியர் நேரத்தைப் பாருங்கள். மொத்த நேரத்தோடு நிற்காதீர்கள்: உதவியாளர்களால் மொத்தம் கூடியிருக்கும், பதிவுபெற்ற செவிலியர் நேரம் குறைவாக இருக்கும். வார இறுதிக் கணக்கும், வேலையை விட்டுப் போவோர் விகிதமும் அங்கேயே இருக்கின்றன.

அதே தளம் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தரும் நட்சத்திரங்களை மாநிலம் தாண்டி ஒப்பிடுவது வீண். அதிகாரிகள் நேரில் வந்து சோதித்துத் தரும் மதிப்பெண்ணில் அந்தந்த மாநிலத்தின் முதல் 10 சதவீதத்துக்கு ஐந்து நட்சத்திரம், கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று. டெக்சாஸின் நாலும் மின்னசோட்டாவின் நாலும் ஒன்றல்ல. தர அளவீடுகளில் பல, இல்லமே தந்த தகவல்கள்.

பெயர்ப்பலகையோடு நிற்பதுதான் பெரிய தவறு. நடத்துவது ஒரு கம்பெனி, கட்டடம் இன்னொன்றின் சொத்து, நிர்வாகக் கட்டணம் போவது மூன்றாவதற்கு. மூன்றுக்கும் முதலாளி ஒருவராகவே இருக்கலாம். வாடகையாகப் பணம் வெளியேறிய பிறகு, கணக்கில் இல்லம் நஷ்டத்தில் நிற்கும். ஆள் குறைப்புக்கு அதுவே சாக்காகும். லாப நோக்கற்ற இல்லமும் நிர்வாகத்தை லாபக் கம்பெனியிடம் விட்டிருக்கலாம். 2022 செப்டம்பர் முதல் உரிமையாளர் விவரங்களை மெடிகேர் நிர்வாகம் பொதுவில் தருகிறது. அதே முதலாளியின் மற்ற இல்லங்களையும், அண்மையில் கைமாறியதா என்பதையும் அதில் தேடுங்கள்.

பிரைவேட் ஈக்விட்டி (முதலீட்டாளர் பணத்தைத் திரட்டி நிறுவனங்களை வாங்கி, லாபத்துக்கு விற்கும் கம்பெனிகள்) வாங்கிய இல்லங்களில் குறுகியகால நோயாளிகளின் 90 நாள் இறப்பு சுமார் 10 சதவீதம் கூடியதாக 2021-ல் ஓர் ஆய்வு காட்டியது. நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று இதைப் படிக்காதீர்கள். ஏற்கெனவே இருந்த விகிதம் பத்தில் ஒரு பங்கு ஏறியது.

கடைசியாக, அதிகாரிகளின் சோதனை அறிக்கை. அதில் ஒவ்வொரு குறைக்கும் அதன் கடுமைக்கும் பரவலுக்கும் ஏற்ப 'ஏ' முதல் 'எல்' வரை ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். குறைகளின் எண்ணிக்கையை விட எழுத்து முக்கியம்: 'ஜி' முதல் மேலே உண்மையான பாதிப்பு, 'ஜே', 'கே', 'எல்' என்றால் உடனடி ஆபத்து.