ஈர மணலில் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்தினால்

மலேசியாவின் சிலாங்கூரில், பந்திங் தோட்டப்பக்கத்திலிருந்து மோரிப் கடற்கரைக்குப் போய் நகையைத் தொலைத்தவர்களுக்காக மெட்டல் டிடெக்டரை (உலோகம் இருந்தால் சத்தமிடும் கருவி) வைத்துத் தேடும்போது முதல் தலைவலி ஈர மணல்தான். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் டிடெக்டர் அதையே உலோகமாக எடுத்துக்கொண்டு கத்தும்.

கைப்பேசியை அணைத்துவிட்டு, காயிலை (தண்டின் நுனியில் உள்ள தேடும் வட்டு) முழங்கால் உயரத்திலிருந்து மணல்வரை ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸை (மணலின் சத்தத்தைக் கழிக்கும் அமைப்பு) சரிசெய்வேன். பிறகும் கத்தினால் சென்சிட்டிவிட்டியை (உணர்திறன்) படிப்படியாகக் குறைப்பேன். ஆழம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. பொய்ச் சத்தத்துக்குள் தங்கத்தின் சத்தம் அமுங்கிப்போவதுதான் பெரிய நஷ்டம். புதிதாக வாங்குபவர்கள் பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவியே வாங்குங்கள்.

டிஸ்கிரிமினேஷன் (சில உலோகங்களின் சத்தத்தை ஒதுக்கும் அமைப்பு) வேண்டவே வேண்டாம். அலுமினியத் தாளும் பான டின்னின் இழுவளையமும் திரையில் காட்டும் எண்ணிலேயே தங்க மோதிரமும் விழும். மெல்லிய சங்கிலி இன்னும் கஷ்டம்: கருவிக்கு ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிதான். பெரும்பாலும் கொக்கியோ தாலியோதான் சத்தம் கொடுக்கும். அதே கனத்தில் ஒரு 916 சங்கிலியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நூல் கட்டி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து முதலில் சோதியுங்கள்.

கடல் வற்றத் தொடங்கியதும் இறங்குங்கள். கயிறு கட்டிப் பாதை குறித்து, கரைக்கு இணையாக, முந்தைய வீச்சில் பாதியை மறைத்தபடி காயிலைப் பக்கவாட்டில் வீசித் தேடுங்கள், பிறகு குறுக்காக. காயில் மணலுக்கு 2 சென்டிமீட்டர் மேலே, சாயாமல் இருக்கட்டும். முடிந்ததும் காயில் உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே தங்கும் ஈர மணலும் பொய்ச் சத்தம் தரும்.