சர்வர் மாறும்போது வாடிக்கையாளரைத் தவிக்கவிடும் தவறுகள்

"எங்கள் சேவை புதிய உள்கட்டமைப்புக்கு மாறுகிறது. உங்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது." பிறரின் இணையதளங்களைத் தங்கள் சர்வர்களில் வைத்து நடத்தும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிவிப்புகளில் இந்த இரண்டாவது வாக்கியம் அநேகமாகத் தவறுவதில்லை. எழுதுபவருக்கு அது ஆறுதலாகத் தெரிகிறது. படிப்பவர் அத்துடன் மின்னஞ்சலை மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். இடமாற்றத்தின்போது செய்யக்கூடிய தவறுகளில் முதல் இடத்தை இதற்குத்தான் கொடுப்பேன்.

அப்படி எழுதும் பொறியாளர் பொய் சொல்லவில்லை. அவருடைய பட்டியலில் இருக்கும் கோப்புகள், தரவுத்தளம், டொமைன் எல்லாம் ஒழுங்காகவே நகரும். உடைவதெல்லாம் பட்டியலில் இல்லாதவை. ஒரு மொத்த வியாபாரி எப்போதோ யாரையோ வைத்து எழுதிய பில்லிங் மென்பொருள், பழைய சர்வரின் ஐபி முகவரியையே (இணையத்தில் அதன் எண் முகவரி) தனக்குள் பதித்து வைத்திருக்கும். ஓடிபி அனுப்பும் நிறுவனம் அந்த ஒரு ஐபியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டும் ஏற்கும். ஆகவே மாறப்போவதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: ஐபி முகவரி மாறும், தளத்தை இயக்கும் பிஎச்பி மொழியின் பதிப்பு மாறும், இன்ன நேரத்தில் புதிய பதிவுகள் ஏற்கப்படாது. கேட்கும் கேள்வியும் அவர் மொழியில் இருக்க வேண்டும். "ஐபி கட்டுப்பாடு ஏதும் உண்டா" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "உங்கள் தளத்திலிருந்து ஓடிபி எந்த நிறுவனம் வழியாகப் போகிறது, பணம் எந்த கேட்வேயில் வருகிறது" என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

<b>தரவு போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது</b>

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கிக்கு 2018இல் நேர்ந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. லாயிட்ஸ் குழுமத்திலிருந்து பிரிந்த அந்த வங்கியை 2015இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி வாங்கியது. அதன்பிறகும் டிஎஸ்பி லாயிட்ஸின் கணினி அமைப்பில்தான் கட்டணம் கட்டி ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஏப்ரலில், ஒரே வார இறுதியில், சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகள் சபாடெல் உருவாக்கிய புதிய அமைப்புக்கு மாற்றப்பட்டன.

தரவுகள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் வாடிக்கையாளர்கள் உள்ளே வரத் தொடங்கியதும் அமைப்பு திணறியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். சிலருக்கு அடுத்தவர் கணக்கு விவரம் திரையில் வந்தது. நிலைமை முழுமையாகச் சீரடைய டிசம்பர் ஆயிற்று. தலைமைச் செயல் அதிகாரி செப்டம்பரில் பதவி விலகினார். 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

பின்னர் வந்த விசாரணை அறிக்கையில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. பெரும்பாலான வாடிக்கையாளரை ஒரே தவணையில் மாற்றத் துணிந்தது ஒன்று. இரண்டு தரவு மையங்கள் சேர்ந்து இயங்க வேண்டிய அமைப்பில், சுமை தாங்குமா என்ற சோதனையை ஒரு மையத்தில் மட்டும் நடத்தியது மற்றொன்று.

இதை வங்கிக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நூறு தளங்களை வைத்திருக்கும் சிறு நிறுவனமும் தவணை தவணையாகத்தான் மாற்ற வேண்டும். இங்கே இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது. முதல் தவணைக்குப் பெரும்பாலும் யாரும் பார்க்காத நாலு தளங்களையும் சொந்த நிறுவனத்தின் தளத்தையும் தேர்ந்தெடுப்பார்கள். எல்லாம் நன்றாக நடக்கும், நம்பிக்கை பிறக்கும், அடுத்த தவணையில் அடி விழும். முதல் தவணையிலேயே பரபரப்பான ஒரு கடையின் தளத்தையும், எதற்கெடுத்தாலும் புகார் செய்யும் வாடிக்கையாளர் ஒருவரையும், அவர் சம்மதத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கண்டுபிடிக்கும் பிழைகளை எந்தச் சோதனைக் குழுவும் கண்டுபிடிக்காது.

<b>சிறியவை, ஆனால் தொலைபேசியை அலறவைப்பவை</b>

தளத்தின் பெயரை சர்வரின் ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் ஆயுட்காலத்தை, அதாவது மற்ற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, குறைக்க மறப்பது பழைய தவறு, இன்றும் நடக்கிறது. பதிவில் 86,400 விநாடி என்று இருந்தால், நீங்கள் முகவரியை மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை சிலர் பழைய சர்வருக்கே போவார்கள். மாற்றத்திற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே அதை 300 விநாடியாகக் குறைத்துவிட வேண்டும். மாற்றும் நிமிடத்தில் குறைப்பதில் பயனில்லை. அந்த இடைவெளியில் பழைய சர்வரில் விழும் ஆர்டர்கள் புதியதற்கு வராது, ஆகவே பழைய தளத்தில் எழுதும் வசதியை நிறுத்தி ஓர் அறிவிப்பை வைத்துவிடுங்கள்.

மின்னஞ்சல் இதைவிடக் கொடுமை. ஐமேப் முறையில் கைப்பேசி சர்வரில் இருப்பதையே பிரதி எடுத்துக் காட்டுகிறது. பழைய அஞ்சல்களை நகலெடுப்பதற்கு முன் வாடிக்கையாளரைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டால், காலையில் அவர் கைப்பேசியில் பெட்டி காலியாக இருக்கும். "பயப்படாதீர்கள், வந்துவிடும்" என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த அரைநாள் பதற்றத்தை அவர் மறக்கமாட்டார்.

நேரக் கணக்கும் உண்டு. பழைய சர்வர் இந்திய நேரத்திலும் புதியது உலக நேரத்திலும் ஓடினால், காலை ஆறு மணிக்குப் போக வேண்டிய தினசரி விற்பனை அறிக்கை பதினொன்றரைக்குப் போகும். யாரும் பிழை என்று பதிவு செய்யமாட்டார்கள். சேவை மந்தமாகிவிட்டது என்று பொதுவாகக் குறைகூறுவார்கள்.

தமிழ்த் தளங்களுக்கென்று தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு வருவதற்கு முன்பு, அதன் இயல்பான எழுத்துக்குறிமுறை ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1. பழைய தளங்கள் பலவும் யூனிகோடு தமிழை லத்தீன் என்று பெயரிட்ட அட்டவணையில் அப்படியே கொட்டி வைத்திருக்கும். போடும்போதும் எடுக்கும்போதும் ஒரே தவறு நடப்பதால் திரையில் தமிழ் சரியாகத் தெரியும். புதிய சர்வர் ஒழுங்காக யூனிகோடில் பேசத் தொடங்கியதும், ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று அந்நியக் குறிகளாக உடைந்து நிற்கும். லத்தீன்-1 ஆகவே ஏற்றுமதி செய்து யூனிகோடாக இறக்குமதி செய்தால் சரியாகிவிடும். ஆனால் தளம் திறந்த பிறகு கண்டுபிடித்தால், அதற்குள் வாடிக்கையாளர் புதிதாக எழுதியவை சரியாகவும் பழையவை உடைந்தும் ஒரே அட்டவணையில் கலந்துவிடும். மொத்தமாகத் திருத்தினால் புதியவை கெடும். ஆங்கிலத் தளத்தை மட்டும் வைத்துச் சோதித்தவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். சோதனைப் பட்டியலில் தமிழ்ப் பக்கம் ஒன்றையாவது சேருங்கள்.

<b>தகவல் சொல்வதில் நேரும் தவறுகள்</b>

"புதிய சர்வருக்கு மாற இங்கே அழுத்திக் கடவுச்சொல்லைப் பதியுங்கள்" என்று இணைப்போடு மின்னஞ்சல் அனுப்புவது, மோசடிக்காரர்களுக்கு மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுப்பது போன்றது. டிஎஸ்பி குழப்பத்தின்போதும் வங்கியின் பெயரில் போலிச் செய்திகள் பறந்தன. வழக்கமான முகவரியைத் தாங்களே தட்டச்சு செய்து உள்நுழையச் சொல்லுங்கள். தொலைபேசியில் கடவுச்சொல் கேட்கமாட்டோம் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதுங்கள்.

தேதியை வாடிக்கையாளரின் நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஞாயிறு இரவு பொறியாளருக்கு வசதி. திங்கள் காலை கணக்காளருக்கு அவசரம். தீபாவளி விற்பனை வாரத்தில் ஜவுளிக் கடைத் தளத்தையும், சேர்க்கைக் காலத்தில் கல்லூரித் தளத்தையும் தொடக்கூடாது. குறித்த தேதியைத் தள்ளிவைப்பதில் வெட்கப்படவும் வேண்டாம். மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளம் 2018இல் மைக்ரோசாஃப்ட் அஷூர் சர்வர்களிலிருந்து கூகுள் கிளவுடுக்கு மாறியபோது, முதலில் அறிவித்த ஜூலை தேதியைத் தள்ளி ஆகஸ்ட் 11இல்தான் மாறியது. அதற்குள் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தது.

உதவி மேசையில் இருப்பவர்களுக்கு வாடிக்கையாளரோடு சேர்த்தே செய்தி சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அழைப்பை எடுக்கும் பெண்ணுக்கு எந்தத் தளம் எந்தத் தவணையில் போகிறது என்ற பட்டியல் வேண்டும். பழைய சர்வருக்கு ஒரு தளத்தைத் திருப்பும் முடிவை எடுக்கும் அதிகாரியின் எண்ணும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் "பார்த்துச் சொல்கிறோம்" என்பதைத் தவிர அவரால் என்ன சொல்ல முடியும்?

<b>பழையதை அவசரமாக மூடுவது</b>

இரண்டு சர்வருக்கும் வாடகை போகிறதே என்ற கணக்கு இங்கே அவசரப்படுத்தும். மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளம், சர்வர் இடமாற்றம் ஒன்றில், பயனர்கள் 2015 வரை பன்னிரண்டு ஆண்டுகளாக ஏற்றிய பாடல்களை இழந்துவிட்டதாக 2019இல் செய்தி வெளியானது. அவற்றை மீட்டெடுக்க வழியில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. பழைய சர்வரைக் குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடிப்பும், முடிந்தால் ஒரு காலாண்டு வரித் தாக்கலும் கடக்கும்வரை அணைக்காதீர்கள். அணைப்பதற்கு முன் அதன் பதிவேட்டைப் பாருங்கள்: இன்னும் யாராவது அதைத் தட்டிக்கொண்டிருந்தால், அது எந்த வாடிக்கையாளரின் எந்த மென்பொருள் என்று கண்டுபிடித்து அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் போடாதவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார். பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி, வேலையை விட்டுப்போன ஊழியருடையதாக இருக்கும்.